சேகருக்கு: ஆன்ம விசாரம் பற்றி

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. ரிட்டையர் ஆன கையோடு தியானத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறாள்.

காலையில் அரை மணி 'நான் யார், நான் யார்' என்று மனசுக்குள் சொல்கிறேன், நெற்றி பாரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கத்தான் செய்யும். நீ செய்வது ஜபம். அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. ரமண மகரிஷி சொன்னது வேறு. திருவண்ணாமலை விருபாட்ச குகையில் பேசாமல் இருந்த காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' என்ற சிறு நூல். எண்ணம் எழுந்தால் அதை முடிக்கப் பார்க்காதே, இது யாருக்கு எழுந்தது என்று கேள், 'எனக்கு' என்று தோன்றும், அந்த நான் யார் என்று உள்ளே திரும்பு. விசாரம் என்பது அவ்வளவுதான். திருப்பிவிடுவதோடு கேள்வியின் வேலை முடிந்தது.

உட்கார்ந்ததும் 'பென்ஷன் அரியர் இன்னும் வரவில்லையே' என்று ஒன்று கிளம்பும் என்று வை. விட்டால் ட்ரஷரி, அங்கே இருக்கும் கிளார்க், அவரிடம் எப்படிப் பேசுவது என்று வால் நீளும். நீளுவதற்குள் கேட்டுவிடு. கவலை யாருக்கோ அந்த ஆள், 'இருக்கிறேன்' என்கிற வெறும் உணர்வாக, பெயரும் வயசும் ஒட்டாமல் சற்று நிற்பான். இரண்டு மூன்று விநாடிதான். உடனே 'பிடிபட்டுவிட்டது' என்று இன்னொன்று வரும். அதுவும் எண்ணம்தான், அதற்கும் அதே கேள்வி. 'நான் ஆன்மா', 'நான் பிரம்மம்' என்று படித்த பதிலைச் சொல்லிக்கொள்ளாதே. பரீட்சையில்லையே இது!

அரை மணி வேண்டாம், இருபது நிமிஷம் போதும். முதல் ஐந்து நிமிஷம் மூச்சு போவதையும் வருவதையும் சும்மா பார், அடக்காதே. மூச்சை அடக்கினால் மனசு ஒடுங்கும், விட்டதும் பழையபடி எழும் என்று ரமணரே சொல்லியிருக்கிறார். பார்வையைப் புருவ நடுவில் நிறுத்துவதை இன்றோடு விட்டுவிடு. கண் தசை இறுகித்தான் அந்தப் பாரம். இதயம் வலது மார்பில் என்று யாரோ சொன்னதையும் கேட்டிருக்கிறாய். ரமணர் அப்படிச் சொன்னது உண்மை, ஆனால் அந்த இடத்தைத் தியானிக்கச் சொல்லவில்லை. முட்டி வலித்தால் நாற்காலியில் உட்கார். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகட்டும்.

நெற்றி பாரத்தைவிட நான் கவலைப்படுவது நீ சந்தோஷமாக எழுதியிருக்கும் விஷயத்துக்கு. 'ஒன்றுமே தெரியாமல் இருபது நிமிஷம் போய்விடுகிறது' என்கிறாயே, அது லயம், மனசு தூக்கத்தில் போல் சற்று நேரம் அடங்கிக் கிடப்பது. ரமணர் பாடிய உபதேச உந்தியாரின் 13ஆம் பாட்டு இதற்கென்றே இருக்கிறது: மனசு ஒடுங்குவதில் லயம், நாசம் என்று இரண்டு வகை, லயமானது மறுபடி எழும், நாசமானது எழாது. பார்க்கிற விழிப்பு இருந்ததா, அதுவும் மங்கிப்போனதா என்பதுதான் சோதனை. மங்கினால் கண்ணைப் பாதி திற, அதற்கும் கேட்காவிட்டால் எழுந்து நட. உண்மையாகவே தூக்கம் வந்தால் தூங்கிவிடு, பாவமில்லை.

பகலில் செய்வதுதான் கணக்கு. பால் பொங்கக் காத்திருக்கும்போது, பஸ் வராதபோது, முக்கியமாக மருமகன் பேச்சு சுருக்கென்று தைக்கும்போது. கோபம் சரியா தப்பா என்ற வழக்கு அப்புறம். யாருக்குக் கோபம் என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வாயைத் திற.

திருவண்ணாமலை போவதாக இருந்தால் தீபத்துக்கும் மார்கழி ஜயந்திக்கும் போகாதே, கூட்டம் தாங்காது. தை பிறந்ததும் போ. ரமணாசிரமத்தில் அறைக்கு முன்கூட்டியே எழுதிவிடு. பழைய ஹாலில் யாரும் பேசமாட்டார்கள், உனக்குச் சரியாக இருக்கும். கிரிவலம் 14 கிலோமீட்டர். பௌர்ணமியைத் தவிர்த்து விடியலுக்கு முன் கிளம்பு, வெயில் ஏறினால் தார் ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாது. நிறைமாத கர்ப்பிணி போல் மெதுவாக நடக்கச் சொல்வார்கள், உன் முட்டிக்கும் அதுதான் நல்லது. செல்போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போ.

லயம் குறைந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுது. சின்னவள் கல்யாணத் தேதி முடிவானதா?

அன்புடன்,
ராமு