நேரலை திணறும்போது முதலில் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

கணினியில் விளையாடிக்கொண்டே அதை நேரலையில் ஒளிபரப்புகிறவர்களிடமிருந்து எங்கள் பழுதுநீக்கப் பிரிவுக்கு வரும் முறையீடு பெரும்பாலும் ஒரே விதமானது: விளையாட்டு நன்றாகத்தான் ஓடுகிறது, பார்ப்பவர்களுக்கு மட்டும் படம் விட்டு விட்டு வருகிறது அல்லது உறைந்து நின்றுவிடுகிறது, ஆகவே புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தாருங்கள் என்பார்கள். கார்டு விற்பது எங்களுக்கு வருமானம்தான். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றிய கார்டிலும் அதே திணறல் தொடர்ந்தால், வாங்கியவருக்கும் நட்டம், எங்களுக்கும் கெட்ட பெயர். எனவே பணம் செலவழிக்கும் முன் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இம்மடலில் விளக்குகிறோம். உங்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஓபிஎஸ் (OBS) என்ற ஒளிபரப்பு மென்பொருள் என்பதால் அதையே எடுத்துக்கொண்டு பேசுகிறோம்.

ஓபிஎஸ்ஸின் டாக்ஸ் மெனுவில் ஸ்டாட்ஸ் என்ற பலகை இருக்கிறது. அதைத் திறந்து, திரையில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, வழக்கம்போல் அரை மணி நேரம் ஒளிபரப்புங்கள். அதில் மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும்: ரெண்டரிங் (படத்தை உருவாக்குதல்) தாமதத்தால் தவறிய ஃபிரேம்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்), என்கோடிங் (படத்தைச் சுருக்குதல்) தாமதத்தால் விடுபட்ட ஃபிரேம்கள், நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட ஃபிரேம்கள். பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரியான திணறலாகத்தான் தெரியும் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எந்த எண் ஏறுகிறது என்று பாராமல் இணையத்தில் கிடைக்கும் செட்டிங்ஸை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள், கடைசியில் எதை மாற்றினோம் என்பதே தெரியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் எண் ஏறினால் சிக்கல் கிராபிக்ஸ் கார்டின் சுமையில் இருக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஒளிபரப்புகையில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. அந்த நேரத்துக்குள் விளையாட்டின் படம், வெப்கேம், ஓவர்லே (படத்தின் மேல் வைக்கும் அலங்காரங்கள்), அலர்ட் அனைத்தையும் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும் வேலையை ஓபிஎஸ் செய்ய வேண்டும். அந்த வேலையும் கிராபிக்ஸ் கார்டில்தான் நடக்கிறது. விளையாட்டில் ஃபிரேம் வரம்பு ஏதும் வைக்கவில்லையென்றால், அது கார்டின் முழு ஆற்றலையும் தானே எடுத்துக்கொண்டு ஓபிஎஸ்ஸைக் காத்திருக்க வைக்கும். விளையாடுகிறவருக்குத் திரை வழுக்கிக்கொண்டு போக, பார்ப்பவருக்கு மட்டும் படம் திக்கித் திக்கி வருவதற்கு நாங்கள் மிகுதியாகக் காணும் காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் செலவில்லாதது. விளையாட்டின் செட்டிங்ஸில் ஃபிரேம் வரம்பை உங்கள் மானிட்டரின் ரிஃப்ரெஷ் ரேட்டுக்கோ (திரை நொடிக்குப் புதுப்பிக்கப்படும் எண்ணிக்கை) அதற்குச் சற்றுக் கீழோ வையுங்கள். அப்போதும் கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால், நிழல், பிரதிபலிப்பு போன்ற கனமான அமைப்புகளைக் குறையுங்கள். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால், கிராபிக்ஸ் வேலையில் விண்டோஸ் அதற்கு முன்னுரிமை கொடுக்கும். மிக எளிய இந்த மாற்றம் மட்டுமே பலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பயன்படாத பிரவுசர் சோர்ஸ்களையும் (ஓபிஎஸ்ஸுக்குள் காட்டப்படும் இணையப் பக்கங்கள்) நீக்கிவிடுங்கள். அசையும் ஓவர்லேக்களை அடுக்கடுக்காகச் சேர்த்து வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்; பார்ப்பவர்கள் வருவது விளையாட்டைக் காணத்தான்.

இரண்டாம் எண் என்கோடரைப் பற்றியது. இது ஏறும்போது ஓபிஎஸ்ஸின் கீழ்ப்பட்டையிலேயே என்கோடிங் சுமை மீறிவிட்டது என்ற எச்சரிக்கை தோன்றும். எக்ஸ்264 என்கோடரைத் தேர்ந்திருந்தால் அந்த வேலை முழுவதையும் பிராசஸர் செய்கிறது. விளையாட்டும் அதே பிராசஸரைத்தான் நம்பியிருக்கிறது. இதன் ப்ரீசெட் (வேகத்துக்கான முன்னமைவு) பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. ‘ஃபாஸ்ட்’ என்பது ‘வெரிஃபாஸ்ட்’டைவிட இலகுவானது என்று எண்ணி அதற்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மையில் பெயரில் வேகம் குறையக் குறையப் பிராசஸருக்கு வேலை கூடும். கார்டில் என்விடியாவின் என்வென்க், ஏஎம்டியின் என்கோடர், அல்லது இன்டெல் பிராசஸரில் குயிக் சிங்க் இருந்தால் அதற்கு மாறிவிடுவதே நல்லது. அவை என்கோடிங்கிற்கென்றே தனியாக வைக்கப்பட்ட பகுதிகள் என்பதால் விளையாட்டின் வேகத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் முதல் எண் ஏறுகிறவர் என்வென்க்குக்கு மாறினால் பெரிய பலன் இராது. படங்களை அடுக்கும் வேலை அப்போதும் கார்டின் பொதுப் பகுதியிலேயே நடக்கும். என்வென்க்கில் லுக்-அஹெட், சைக்கோ விஷுவல் டியூனிங் ஆகிய இரண்டும் அந்தப் பொதுப் பகுதியைப் பயன்படுத்துவதால், கார்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவற்றை அணைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு எண்களுக்கும் பொதுவான ஒரு வழி, ஒளிபரப்பின் அளவைக் குறைப்பது. 1920x1080 படத்தில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்க, 1280x720 படத்தில் 9.2 லட்சம்தான், வேலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. தடங்கலில்லாத 720பி, திணறும் 1080பியைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் எண் ஏறினால் கணினியைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. படம் சரியாக உருவாகி, இணையத்தில் ஏற முடியாமல் நிற்கிறது. ஒளிபரப்புக்குத் தேவை அப்லோடு வேகம். ஸ்பீட் டெஸ்டில் பெரிதாகத் தெரியும் டவுன்லோடு எண்ணால் இதற்குப் பயனில்லை. ட்விட்ச் ஒளிபரப்புத் தளத்தில் பரவலாகப் பயன்படும் 6000 கிலோபிட் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) என்றால் நொடிக்கு 6 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.7 ஜிபி, இடைவிடாமல் மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்லோடு வேகத்தில் கால் பங்கையாவது விட்டுவைத்துப் பிட்ரேட்டை அமையுங்கள். முழுவதையும் ஒளிபரப்பே எடுத்துக்கொண்டால் ரௌட்டரில் வரிசை நீண்டு, விளையாட்டின் பிங்கும் (சர்வரின் பதில் வந்துசேரும் நேரம்) சேர்ந்து உயரும்.

சராசரி வேகம் நன்றாக இருந்தும் இந்த எண் ஏறுவதுண்டு. ஓபிஎஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்டிஎம்பி முறை டிசிபி என்ற இணைய நெறிமுறை மீது இயங்குவதால், வழியில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால் அது மறுபடி அனுப்பப்பட்டுப் போய்ச் சேரும்வரை பின்னால் வருபவை காத்திருக்கின்றன. காத்திருப்பு ஓர் அளவைத் தாண்டியதும் ஓபிஎஸ் ஃபிரேம்களைக் கைவிடத் தொடங்குகிறது. வைஃபையில் இத்தகைய இழப்பு சாதாரணம், குறிப்பாக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அக்கம்பக்கத்து ரௌட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில் முட்டிக்கொள்வதால். ரௌட்டரிலிருந்து கணினிக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். இவ்விஷயத்தில் வேறெந்தப் பொருளை வாங்கும் முன்பும் இதையே பரிந்துரைப்போம். அது முடியாதபோது, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் நெரிசலுக்கேற்பப் பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியை இயக்கி வையுங்கள். ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்) ஆகவும், கீஃபிரேம் (முழுமையாக அனுப்பப்படும் படம்) இடைவெளி 2 நொடியாகவும் இருக்கட்டும்.

ஐயம் தீராவிட்டால் இன்னொரு சோதனை இருக்கிறது. ரெக்கார்டிங் தரத்தை ஒளிபரப்பின் தரத்துக்குச் சமமாக வைத்து, நேரலையுடன் சேர்த்தே பதிவும் செய்யுங்கள். பதிவான கோப்பு அதே என்கோடரிலிருந்து வருவதால், அது சீராக ஓடி நேரலை மட்டும் நின்றிருந்தால் கோளாறு இணையத்தில் என்பது உறுதி. கோப்பிலும் திணறல் இருந்தால் கோளாறு கணினிக்குள்ளேயே.

மூன்று எண்களும் சுழியத்திலேயே இருக்க, ஓரிருவர் மட்டும் படம் நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் அவர்கள் பக்கத்து இணைப்பின் குறை.

தொடங்கிய பதினைந்து, இருபது நிமிடத்துக்குப் பிறகே திணறல் வருமானால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். சூடு ஏறியதும் பிராசஸரும் கார்டும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். விசிறியின் இரைச்சல் உச்சத்துக்குப் போன சிறிது நேரத்தில் ஸ்டாட்ஸ் எண்கள் ஏறத் தொடங்குவது இதன் அடையாளம். ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் படிந்த தூசியைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இட்டாலே பல கணினிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒளிபரப்புவதைத் தவிர்க்கவும். பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கல் நீடித்தால் கணினியை எங்களிடம் கொண்டுவாருங்கள். வரும்போது, திணறல் நேர்ந்த அன்றைய ஓபிஎஸ் லாக் கோப்பையும் தவறாமல் எடுத்துவாருங்கள். ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல்ஸ் என்ற இடத்தில் அது கிடைக்கும். ஒளிபரப்பு முடிந்ததும் மேற்சொன்ன மூன்று கணக்குகளும் அதில் பதிவாகிவிடும் என்பதால், உங்கள் வீட்டில் நடந்ததை எங்கள் மேசையில் மறுபடி நிகழ்த்திப் பார்க்கும் நேரம் மிச்சமாகும். ஸ்ட்ரீம் கீயை மட்டும் எங்களுக்கோ வேறு யாருக்குமோ அனுப்ப வேண்டாம். அது கையில் இருப்பவர் உங்கள் சேனலில் ஒளிபரப்ப முடியும், பழுது பார்ப்பதற்கு அது எங்களுக்குத் தேவையும் இல்லை.

இப்படிக்கு,
பழுதுநீக்கப் பிரிவினர்