மருந்துக் கவரில் இல்லாததைத்தான் கைப்பேசியில் தேடுகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியைப் பார்த்துத் தாங்களாகவே வைத்தியம் செய்துகொள்பவர்களைக் கண்டித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட ஆபத்துகள் உண்மையானவை. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் இளம் தாய் ஒருவர் உயிரிழந்ததை இந்த மாநிலம் எளிதில் மறந்துவிடாது. ஆயினும் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியவை அனைத்தும் இத்தகைய விபரீதங்களாகவே இருந்தன. அரசு மருத்துவமனை மருந்தகத்தின் சன்னலுக்குப் பின்னால் நின்று பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், மக்கள் அன்றாடம் தேடுபவை எவை என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

தைராய்டு மாத்திரையைக் காபிக்கு முன் போடுவதா, பின் போடுவதா? பிரஷர் மாத்திரையை ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா? சுகருக்கு மாத்திரை போடுகிறவர் கிருத்திகை விரதம் இருக்கலாமா? இவையெல்லாம் மருத்துவரைப் பார்த்து, சீட்டு வாங்கி, வீடு வந்து சேர்ந்த பிறகு எழுகின்ற கேள்விகள். மருத்துவரை வேண்டாம் என்று ஒதுக்கியவருக்கு இந்தச் சந்தேகங்களே வராது. அற்பமான சந்தேகங்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ சிற்றுண்டியோ எடுத்துக்கொள்ள வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதைச் சொல்ல ஆளில்லாமல் காபியோடு சேர்த்து விழுங்கிவருபவருக்கு மருந்து முழுமையாக உடம்பில் சேராது. அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் சுரப்பு; தைராய்டு குறைந்தால் இது கூடும்) குறையவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவார்கள். பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாகப் போடக் கூடாது என்பதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் எங்கும் கிடைப்பதில்லை.

67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியுடன் செலவிடும் நேரத்தை ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ ஆய்விதழில் வெளியானது. சுவீடனில் 22 நிமிடங்களுக்கும் மேல். வங்கதேசத்தில் 48 நொடி. நம் நாட்டில் ஏறத்தாழ 2 நிமிடம். புறநோயாளிகள் பிரிவில் வரிசை வாசல்படி தாண்டி நிற்கும்போது இதற்கு மருத்துவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மருந்து வாங்கும் சன்னலிலும் அதே வரிசைதான் வந்து நிற்கிறது. அங்கே நோயாளியின் கையில் கிடைப்பது ஒரு சிறிய காகிதக் கவர். அதன் மேல் ‘1-0-1’ (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்றும், ‘சா.மு.’ (சாப்பாட்டுக்கு முன்) அல்லது ‘சா.பி.’ (சாப்பாட்டுக்குப் பின்) என்றும் பேனாவால் கிறுக்கியிருக்கும். அட்டையிலிருந்து தேவையான அளவுக்கு வெட்டிக் கொடுப்பதால் மருந்தின் பெயரும் காலாவதி நாளும் பல நேரம் வேறொருவர் வீட்டுக்குப் போய்விடுகின்றன. முழுப் பெட்டியாக வாங்கினாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளில் எறும்பு வரிசையாக ஆங்கிலம்தான் ஓடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாள் நோயாளிக்குப் புரியும்படி அந்தந்த நாட்டின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் அத்தகைய தாள் ஒன்றையாவது கண்டவர் யார்?

இரத்தப் பரிசோதனை முடிவுகளின் கதையும் இதுவே. இப்போது பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை நேரே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. வரம்பை மீறிய எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. மருத்துவரைப் பார்க்கவோ மறுநாள் மாலை வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட இரவில் தேடாமல் யாரால் தூங்க முடியும்? எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று வந்திருந்தது. பேரன் தேடிக் கொடுத்த பிரிட்டிஷ் இணையப் பக்கமோ சர்க்கரை 7-க்குள் இருக்க வேண்டும் என்றது. 118 எங்கே, 7 எங்கே! பெரியவர் ஆடிப்போய் என்னிடம் வந்தார். நாம் மில்லிகிராமில் அளக்கிறோம், அவர்கள் மில்லிமோலில் அளக்கிறார்கள்; அவர்களுடைய எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும். அந்த 7 என்பது நம் கணக்கில் 126. பெரியவரின் 118 அவர்கள் கணக்கில் ஏறத்தாழ ஆறரை. கவனிக்க வேண்டிய அளவுதான், கலங்க வேண்டிய அளவன்று. இணையப் பக்கம் பொய் சொல்லவில்லை; அது அந்நாட்டாருக்காக எழுதப்பட்டது.

ஆங்கிலத்தில் தேடுவோருக்கு இந்தக் குழப்பம் என்றால், தமிழில் தேடுவோரின் நிலை இன்னும் மோசம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின் இரத்தத்தில் கூடிவிட்டவர், ‘கிரியாட்டினின் குறைய’ என்று தமிழில் கேட்டால், படிக்கத்தக்க நல்ல பக்கங்களைவிட மூக்கிரட்டைக் கீரையும் இளநீரும் சிறுநீரகத்தைக் கழுவிவிடும் என்று அடித்துப் பேசும் காணொளிகளே முன்னால் வந்து நிற்கின்றன. இளநீர் நல்லதுதான். ஆனால், சிறுநீரகம் செயலிழந்துவரும் ஒருவர் அதைத் தினமும் குடித்தால், வெளியேற வழியில்லாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். பேசுகிறவருக்குப் பார்ப்பவரின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் நோக்கமும் இல்லை, ஏனெனில் காணொளியின் அடியில் சூரணம் வாங்குவதற்கான எண் ஓடிக்கொண்டிருக்கிறது. நீரிழிவு உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது. (இத்தகைய விளம்பரங்கள் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பக்கங்களிலும் தலைகாட்டுவதை ஆசிரியர் அறியாதவர் அல்லர்.)

ஆகவே, தேடாதீர்கள் என்று அறிவுரை கூறுவதில் பயனில்லை என்பது என் கருத்து. தேடுகிறவர் கண்ணில் படும்படி சரியான பதிலைத் தமிழில் வைப்பதே செய்யக்கூடிய காரியம். அதற்கான சரக்கு அரசிடமே இருக்கிறது. 104 என்ற இலவச எண்ணில் இரவு பகலாகப் பொதுமக்களின் மருத்துவச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் திரட்டி, கேட்டவர் யார் என்ற அடையாளம் இன்றி, மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களைக் கொண்டு எளிய தமிழில் பதில் எழுதி, யாரும் படிக்கும்படி சுகாதாரத் துறை இணையத்தில் வெளியிடலாம். எந்த அறிகுறி வந்தால் தேடுவதை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பதிலின் முதல் வரியாக இருக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் நிலைமை மோசமாகக்கூடும் என்பதும், அப்போது தொடர் வாந்தியோ கடும் வயிற்றுவலியோ இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாகாது என்பதும் பப்பாளி இலைச் சாற்றின் செய்முறையைக் காட்டிலும் முன்னால் வந்து நிற்க வேண்டியவை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோருக்குத் தரப்படும் சீட்டில் மருந்து போடும் முறையையாவது தமிழில் அச்சிட்டுத் தருவது பெரிய செலவன்று. மருந்துக் கவர்களில் அச்சிடுவது அதனினும் மலிவு.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் கேட்பவரின் வயது, அவருக்கு உள்ள பிற நோய்கள், ஏற்கெனவே போட்டுவரும் மாத்திரைகள் ஆகியவற்றை வெட்டிவிடாமல், பரிசோதனை எண்களை அவற்றின் அலகோடு சேர்த்து அச்சிடுங்கள். அந்தப் பகுதியின் பழைய பதில்களையாவது சந்தா கேட்காமல் இணையத்தில் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர்,
கும்பகோணம்.