மாளிகையோடு திரும்பிவிடும் வண்டிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கானாடுகாத்தான் வரும் சுற்றுலா வண்டிகள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு, ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வார்ப்பதைப் படமெடுத்துக்கொண்டு, காரைக்குடி ஓட்டலுக்குத் திரும்பிவிடுகின்றன. வழியிலிருக்கும் கண்மாயையும் வயலையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

போன பங்குனியில் ஒரு சென்னைக் குடும்பம் வழி தவறி எங்கள் கொல்லைக்கு வந்தது. கடலை பறித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் ஒரு செடியைப் பிடுங்கிவிட்டு, "கடலை மண்ணுக்குள்ளயா காய்க்கும்?" என்று வாயைப் பிளந்தாள். பச்சைக் கடலையை அவித்துக் கொடுத்தோம். கிளம்பும்போது மண் ஒட்டியபடியே ஐந்து கிலோ வாங்கிப் போனார்கள், வியாபாரி தருவதைவிடக் கூடுதல் விலைக்கு! மழையை நம்பிப் பிழைக்கும் சிவகங்கைச் சீமையில் இப்படி வரும் கைக்காசு லேசானதல்ல.

இப்படி விருந்தாளிகளை வயலுக்கே வரவைப்பதுதான் வேளாண் சுற்றுலா. மகாராஷ்டிர அரசு 2020-லேயே அதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. இங்கும் வரட்டும். ஆனால் வெளியூர்க்காரர் நிலத்தை வளைத்து ரிசார்ட் கட்டினால் அதற்குப் பெயர் வேளாண் சுற்றுலா அல்ல. உழுகிறவர் வீட்டுத் திண்ணையில்தான் விருந்தாளி உட்கார வேண்டும்.

சரி, அதற்கு முன் ஒரு வேலை. கண்மாய்க் கரைப் பாதையை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லுங்கள். கார் நுழைய வேண்டுமே!

– ஒரு சிறு விவசாயி, பள்ளத்தூர்