டாஃபடில் பூவும் காப்பிப் பூவும்

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் மூக்கனேரிக் கரை வரை நடந்துவிட்டு வருகிறார். மாமியாருக்கு உடம்பு தேவலையா என்று அடுத்த முறை சொல்.

நேற்று நீ போனில் சொன்னதையே இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் உன் அடுக்ககத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் ஆங்கில வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருகிறார்கள். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லி அனுப்புகிறாய். மறுநாள் அதே மாதிரிக் கேள்வியோடு திரும்ப வந்து நிற்கிறார்கள். “முப்பது வருஷம் டீச்சராக இருந்து இதை எப்படியம்மா பொறுத்துக்கொண்டாய்?” என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்ததால்தான் அப்படி மாற்றினேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இரவு பத்து மணிக்குக் கேள்வியைப் படம் பிடித்து அனுப்பி, “ஆன்ட்டி, காலையில் பரீட்சை” என்று ஒரு பிள்ளை கெஞ்சினால் விடையைச் சொல்லிவிடு. அந்த நேரத்தில் பாடம் நடத்துவது பாவம். மற்ற நாட்களில் சொல்லாதே. வெறும் விடை என்றால் போனில் தட்டினால் நொடியில் வந்துவிடுகிறது, அதற்கு நீ எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறது என்று பார்க்கத்தான் ஒரு ஆள் வேண்டும்.

ஆங்கில இலக்கணம் என்றாலே நம் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். அதில் பெரும்பகுதி அவர்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்று சொல்லிப் பார், முகம் வாடிவிடும். “ஏற்காட்டுக்குப் போயிருக்கிறாயா?” என்று கேட்டுப் பார். “போயிருக்கிறேன்” என்று பட்டென்று பதில் வரும். “நேற்று போனாயா?” என்று கேள். “நேற்று போகவில்லை, போன வருஷம் போனேன்” என்பான். ‘போனேன்’ என்பது ஒரு நாளோடு முடிந்த காரியம். ‘போயிருக்கிறேன்’ என்றால் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளும் வயிற்றைப் புரட்டியதும் இன்றுவரை அவனுடைய கணக்கில் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டிவிட்டால் ‘ஹேவ்’ ஏன் அங்கே வந்து உட்காருகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போடும் இந்தப் பாலம் எங்கே முடிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், கண்ணம்மா. “அவன் ஏற்காட்டுக்குப் போயிருக்கிறான்” என்று நாம் சொன்னால், போய்விட்டுத் திரும்பியவனாகவும் இருக்கலாம், இந்த நேரம் மலைமேல் இருப்பவனாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் திரும்பி வந்தவனுக்கு ‘ஹேஸ் பீன்’, இன்னும் அங்கேயே இருப்பவனுக்கு ‘ஹேஸ் கான்’. “நேற்றே போயிருக்கிறான் பார்” என்று நாம் தாராளமாகச் சொல்வோம்; ஆங்கிலம் ‘எஸ்டர்டே’யை ‘ஹேஸ்’ பக்கத்தில் அண்டவிடாது. இந்த இரண்டு இடத்தில்தான் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவார்கள். அவர்கள் அறிவு மட்டு என்று நினைத்துவிடாதே. தமிழில் சரியாக நடந்தவர்கள் அதே நடையில் ஆங்கிலத்துக்குள் வந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

‘எ’, ‘ஆன்’ விஷயமும் இப்படித்தான். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஓர்’, உயிர்மெய்க்கு முன்னால் ‘ஒரு’ என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பார்கள்: ஓர் ஊர், ஒரு நகரம். அதையே நினைவூட்டிவிட்டு, ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காதே, வாய்விட்டுச் சொல், காது சொல்வதைக் கேள் என்று சொல். அதனால்தான் ‘ஆன் அவர்’, ‘எ யுனிவர்சிட்டி’, ‘ஆன் எம்.எல்.ஏ.’ எல்லாம். ‘தி’ மட்டும் நம்மிடம் இல்லாத சரக்கு. ‘அந்த’ என்று சொல்லிச் சமாளிக்காதே. நிறையப் படிக்கப் படிக்கத்தான் அது பிடிபடும்.

தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றாயே, அவர்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள் என்று அவர்களிடமே கேள். நீயும் கற்றுக்கொள்வாய்.

இப்போது மாலையில் நம் திண்ணைக்கு நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அம்மாபேட்டையிலிருந்து சைக்கிளில் வரும் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் தறி இருக்கிறது. தாத்தா வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். போன மாதம் ‘ஆக்டிவ் வாய்ஸ்’ வாக்கியங்கள் பத்தை ‘பேசிவ்’ ஆக மாற்றிக்கொண்டு வந்தான். பத்தும் சரி. செயப்படுபொருளை முன்னால் இழு, வினையை மாற்று, ‘பை’ போட்டு எழுவாயைக் கடைசியில் தள்ளு. மிஷின் போலச் செய்திருந்தான். “இப்படி மாற்றிப் பேச வேண்டிய தேவை ஒருவனுக்கு எப்போது வரும்?” என்று கேட்டேன். விழித்தான். செய்வினை, செயப்பாட்டுவினை தமிழில் படித்திருக்கிறாயே, ‘ஆல்’ உருபுதானே இங்கே ‘பை’ என்றேன். தலையாட்டினான். ஆனாலும் கண்ணில் வெளிச்சம் வரவில்லை.

உள்ளே போய், போன வருஷம் அப்பாவுக்கு எடுத்த வேட்டியின் அட்டையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். கையால் நெய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. “யாரால்?” என்று கேட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடையின் பெயர் இருந்தது, விலை இருந்தது, துவைக்கும் முறை இருந்தது. வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் வீட்டில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் டீச்சர். ‘நெய்தாயிற்று’ என்போம், இல்லாவிட்டால் ‘தாத்தா நெய்தார்’ என்போம்” என்றான்.

அதுதான் பாடம். செய்தவர் யார் என்று தெரியாதபோது, தெரிந்தாலும் அது முக்கியமில்லாதபோது, அல்லது சொல்ல விருப்பமில்லாதபோது ‘பேசிவ்’ வருகிறது. மூன்றில் எது என்று கேட்கத் தெரிந்துவிட்டால் செய்தித்தாளைக்கூட வேறு கண்ணால் படிப்பான். மறுநாள் நோட்டைத் திறந்தால் பத்து வாக்கியங்களுக்குக் கீழே பதினொன்றாவதாக ஒன்று இருந்தது. தாத்தாவை எழுவாயாக வைத்து, இந்த வேட்டியை அவர் நெய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ‘வீவ்’ என்பதற்கு இறந்தகாலம் ‘வோவ்’ என்று அகராதியில் தானே தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். முதலில் ‘வீவ்டு’ என்று எழுதி அடித்த தடம் தெரிந்தது. அந்த அடித்தலை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

இனி அந்தப் பாக்கி.

நீ பத்தாம் வகுப்பு படித்தபோது ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதைக்கு அரைப்பக்கம் கருத்துரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்று நான் ஊரார் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நீ நோட்டோடு வந்து பக்கத்தில் நின்றாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்தே நிமிடத்தில் உன் நோட்டை வாங்கி நானே பென்சிலில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ அதைப் பார்த்து தனித் தாளில் அழகாக எழுதிக்கொண்டு போனாய். பத்துக்கு ஒன்பது. அதற்குப் பிறகு நீ ஒரு கவிதையையும் என்னிடம் கொண்டுவரவில்லை. பெண்ணுக்கு விவரம் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். உன்னிடமிருந்து ஒரு கவிதையைப் பிடுங்கிக்கொண்டேன் என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அதற்காக இப்போது வருந்துகிறேன், கண்ணம்மா.

அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போட்டுக்கொண்டு வா, காலம் எங்கே மாறுகிறது பார். அலைந்தேன், பார்த்தேன் என்று கவிஞர் தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் முதல் மூன்று பத்திகளில் இறந்தகாலம். மூன்றாம் பத்தி முடியும் இடத்தில் ‘ஹேட் பிராட்’ என்று ஒன்று வருகிறது. அந்தக் காட்சி தனக்கு எவ்வளவு பெரிய செல்வத்தைத் தந்திருந்தது என்று அப்போது தெரியவில்லை என்கிறார். ‘தந்தது’ என்று சொல்லியிருந்தால் போதாதா? ‘தந்திருந்தது’ ஏன்? அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே கொடுத்தாகிவிட்டது, வாங்கியவருக்குத்தான் தெரியவில்லை. நான்காம் பத்தியில் சட்டென்று நிகழ்காலம்: சாய்ந்து படுத்திருக்கும்போதெல்லாம் அந்தப் பூக்கள் அகக்கண்ணில் பளிச்சிடுகின்றன. கவிதையின் உயிரே அந்தக் கால மாற்றத்தில்தான் இருக்கிறது. இலக்கணக் கேள்வி ஒரு நோட்டு, இலக்கியக் கேள்வி இன்னொரு நோட்டு என்று பிரித்து வைத்தது பள்ளிக்கூடத்து வசதிக்காக.

அதன் பிறகு வரலாற்றைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர் அந்தப் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15. எழுதியது 1804இல். அச்சில் வந்தது 1807இல். கவிதையில் மேகம்போலத் தனியாக அலைந்ததாகச் சொல்கிறார். உண்மையில் கூடவே தங்கை டாரதி இருந்தார். டாரதியின் நாட்குறிப்பில் அதே பூக்கள், அதே ஆட்டம், சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக்கிப் படுத்திருப்பதுகூட இருக்கிறது. அங்கே ‘நாங்கள்’, கவிதையில் ‘நான்’. ஏன் தங்கையை விட்டுவிட்டார் என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று சொல்லும். அகக்கண் வரும் அந்த இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை என்று பிற்பாடு அவரே சொன்னார். நோட்ஸ் புத்தகத்தில் ‘இன்வர்ட் ஐ என்றால் மனம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் உனக்கு எழுதிக் கொடுத்ததும் அதேதான். அகக்கண் என்று பச்சைத் தமிழில் நமக்கு ஒரு சொல் இருக்கும்போது!

இன்னும் ஒன்று நினைவிருக்கிறதா? அதே வருஷம் பரீட்சை முடிந்ததும் ஏற்காடு போனோம். மழை விழுந்து எட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. சில்வர் ஓக் நிழலில் தோட்டம் முழுக்கக் காப்பி பூத்துக் கிடந்தது, கிளை தெரியாமல் வெள்ளை வெளேரென்று, மல்லிகை வாசத்தோடு. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கூப்பிடக் கூப்பிட நீ வராமல் நின்றாய். கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதம் போன் செய்து, “தூக்கம் வரவில்லை அம்மா. கண்ணை மூடினால் அந்தக் காப்பிப் பூதான் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன்” என்றாய். நான்காம் பத்தியை நீ வாழ்ந்துவிட்டாய். அது நான்காம் பத்தி என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் பிள்ளைகளில் யாரும் டாஃபடிலைப் பார்த்திருக்கப்போவதில்லை. கவலைப்படாதே. அவர்கள் எதை நின்று பார்த்தார்கள், எது பிறகு படுக்கையில் திரும்ப வந்தது என்று கேள். ஒருவருக்கு மாங்காய் மரமாக இருக்கும், ஒருவருக்கு ஊர்த் திருவிழாத் தேராக இருக்கும். அதன் பிறகு புத்தகத்தைத் திற.

வரும் மார்ச்சில் மலையில் மழை விழுந்ததும் போன் செய்கிறேன். பூ மூன்று நான்கு நாள்தான் நிற்கும், அதனால் லீவுக்கு முன்கூட்டியே சொல்லிவை. மாப்பிள்ளைக்கு முடியாவிட்டால் நீ மட்டும் வா. அந்தப் பத்தாம் வகுப்பு நோட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். டாஃபடில் தலைப்புக்குக் கீழே என் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா