அந்த லேத்தை எடைக்குப் போட வேண்டாம்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அமுச்சிக்கு முட்டிவலி தேவலையா?

போன வாரம் போனில், நம் பட்டறையின் நாலரை அடி கடைசல் லேத்தைப் பழைய இரும்பாக எடைக்குக் கேட்டு ஆள் வந்து போனதாகச் சொன்னீர்கள். பஸ்ஸில் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இங்கே இங்கிலாந்தில் மார்கழியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கம்பெனியில் எனக்குக் கம்ப்யூட்டரே ஓட்டுகிற சிஎன்சி மெஷின். பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். சட்டையில் எண்ணெய்க் கறையே இல்லாமல் வீட்டுக்கு வருவது இன்னமும் ஒரு மாதிரியாக இருக்கிறது. குடியிருப்பது நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டன். மைஃபோர்டு லேத்து செய்த ஊர் இதுதான். ஃபேக்டரி இப்போது இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் ஷெட்டில் அவர்களுடைய எம்எல் 7 ஒன்று இருக்கிறது, 1940களில் வந்த மாடல். அப்பாரு வயசு அவருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். எனக்கு வாய் வரவில்லை. சார் என்றால் சிரிக்கிறார்.

தண்டைப் பிடிக்கிற மூன்று ஜாவும் (தாடை) ஒன்றாக நகரும் அவருடைய ட்ரூ சக்கும் உங்களுடையது மாதிரிதான், ஜா முன்பக்கம் வாய் பிளந்து, தண்டைப் பின்னால் மட்டும் பிடித்தது. புது 100 மில்லிமீட்டர் சக் வாங்கி வைத்துவிட்டு, மாட்டத் தெம்பில்லாமல் இருந்தார். நான் மாட்டித் தருகிறேன் என்றேன்.

சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கு ஒன்றேகால் இன்ச்சுக்கு ஒரு நூல் (எட்டில் ஒரு இன்ச்) குறைவு, இன்ச்சுக்கு 12 திரெட். மூக்குக்கும் சக்குக்கும் நடுவே வரும், திரெட் போட்ட காஸ்ட் அயர்ன் பேக் பிளேட் இங்கே ரெடியாகவே கிடைக்கிறது. மூக்கைத் துணியால் துடைத்து, திரெட்டில் ஒட்டியிருந்த பிசிரை ஊசியால் எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஏற்றினேன். பிளேட் மூக்கின் தோளில் போய் முட்டி உட்கார வேண்டும், திரெட்டை மட்டும் நம்பி நின்றால் ஆடும் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, முழுதாகப் படிகிறதா என்று நீலம் தடவிப் பார்க்காமல் எனக்குக் கை ஓடவில்லை. அப்புறம் லேத்தின் ஸ்பிண்டிலிலேயே வைத்துப் பிளேட்டின் முகத்தை வெட்டினேன்.

சக்கின் முதுகுப் பள்ளம் 72 மில்லி. லேத்தின் டயலோ இன்ச். 2.8346 என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் போகிற அளவுக்குப் பேக் பிளேட்டில் ஒரு படி வெட்டினேன். உறிஞ்சிக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஆசை. அளவு சரியாக வந்ததும் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து சக்கை வைத்தால் லொடுக்கென்று உள்ளே போகிறது! ஷெட்டில் குளிர் நாலு டிகிரி. வெட்டின சூட்டோடு அளந்த பிளேட், ஆறினதும் அரைத் தவ்வுக்கு (தவ் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் சுருங்கிவிட்டது. கோவை ஆவாரம்பாளையத்து வெயிலில் நமக்கு இந்தத் தொந்தரவு இவ்வளவு தெரிந்ததில்லை.

போல்ட் ஓட்டைக்கு உங்கள் வித்தைதான். தலையில்லாத மூன்று திருகுகளைக் கூராகக் கடைந்து, சக்கின் முதுகில் முனை மட்டும் தெரிகிற மாதிரி முடுக்கி, பிளேட்டில் வைத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு. மூன்று புள்ளி விழுந்தது. எட்டு மில்லி போல்ட்டுக்கு ஒன்பதில் ஓட்டை போட்டேன்.

சக்கை மாட்டி, ஒரு தண்டைப் பிடித்து டயல் கேஜ் வைத்தால் மூன்று தவ் ஆட்டம். ட்ரூ சக்குக்கு இது போதும் என்றார் பெரியவர். எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் முறைப்படி, சக்கை நகர்த்த இடம் கிடைக்கப் படியில் இன்னும் நாலு தவ் எடுத்துவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார். போல்ட்டை அரைகுறையாக முடுக்கி, தட்டித் தட்டி அரைத் தவ்வுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இனி சக்கைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான், வெட்டு ஆழமாகப் போனால் நகரும். அந்த அரைத் தவ்வும் நான் வைத்துப் பார்த்த முக்கால் இன்ச் தண்டுக்குத்தான், வேறு சைஸுக்கு வேறு ஆட்டம். நிஜமாகவே ட்ரூ வேண்டுமென்றால், ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியாக நகர்த்துகிற டாக் சக்தான். ஆனாலும் பம்ப் ஷாஃப்ட் வேலைக்கு, ஒரே சைஸ் நாள் முழுக்க ஓடுகிற இடத்தில், உங்கள் முறைதான் சரி என்பேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். இங்கேயும் சக்கைக் கழற்றும்போது, அது விழுந்து அடிபடாமல் லேத்தின் பெட்மேல் பலகை வைக்கிறார்கள். நம்முடையது வேப்பம்பலகை, இவருடையது ரொட்டி வெட்டின பழைய பலகை.

மாமா, நம் லேத்துக்குத் தேய்ந்தது சக் மட்டும்தான். பெட்டும் ஸ்பிண்டிலும் நன்றாகத்தான் இருக்கின்றன. தம்பி சிஎன்சி போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக இதை எடைக்குப் போட வேண்டுமா? பொங்கல் நோம்பிக்கு வருகிறேன், பத்து நாள் லீவு. கணபதியில் ஃபவுண்டரிக்காரரிடம் ஒரு பேக் பிளேட் காஸ்டிங் சொல்லி வையுங்கள். ஸ்பிண்டில் மூக்கின் அளவுக்கே ஒரு பிளக்கும் இப்போதே கடைந்து வையுங்கள். காஸ்டிங்கை டாக் சக்கில் பிடித்துத் திரெட் வெட்டும்போது மூக்கில் அந்தச் சக் இருக்கும், அதனால் பிளக்கை விட்டுத்தான் அளவு பார்க்க முடியும். மூக்கில் இன்ச்சுக்கு எத்தனை திரெட் என்று கேஜ் வைத்துப் பார்த்து எழுதுங்கள். நான் சக்கோடு வருகிறேன்.

அத்தையிடம் சந்தகை கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்