ஸ்விண்டாலுக்கு ஒரு சனிக்கிழமைக் கடிதம்

அன்புள்ள அக்செல்,

நோர்வேயில் எவரையும் பெயர் சொல்லி 'நீ' என்று கூப்பிடலாம். வேலைத்தளத்தில் என் மேலாளரையே அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்ததும் கை தானாக 'நீங்கள்' என்று போட்டுவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் பிறந்த லோரன்ஸ்கூக்குக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஒஸ்லோவின் கிழக்கே, குருருட் பக்கம். மெட்ரோவில் ஏறினால் பெட்டிக்கு ஒரு தமிழ்க் குரலாவது கேட்கும். எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி. நீங்கள் ஸ்கீயில் மலையிலிருந்து கீழே பாய்ந்த பெரிய டவுன்ஹில் போட்டிகளும் பெரும்பாலும் சனிக்கிழமைதான், கிட்டத்தட்ட அதே நேரம். உள்ளே பிள்ளைகள் உயிர்மெய் எழுத்துகளோடு மல்லுக்கட்ட, நடைகூடத்தில் நாங்கள் நான்கைந்து அப்பாமார் ஒரே கைபேசியைச் சுற்றி நிற்போம். ரீச்சர் வெளியே வந்து "சத்தம் போடாதேங்கோ" என்று எங்களைத்தான் அதட்டுவார்.

நோர்வேஜியர் தங்களைக் காலில் ஸ்கீயோடு பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது காட்டுப்பாதையில் மூச்சு வாங்க வழுக்கி நடக்கிற ஸ்கீயை. மலையிலிருந்து கீழே பாய்கிற ஸ்கீ என்றால் அது ஒஸ்திரியாக்காரரதும் சுவிஸ்காரரதும் சொத்து என்றுதான் நெடுங்காலம் இருந்தது. இத்தனைக்கும் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிற 'ஸ்லாலம்' என்ற சொல்லே ரெலமார்க் பக்கத்து நோர்வேஜியம். 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில் ஸ்டைன் எரிக்சன் ஜயண்ட் ஸ்லாலம் (வளைவுகள் அகன்ற ஸ்லாலம்) தங்கம் வென்றார். அதற்குப் பிறகு நீண்ட வெறுமை. 1992இல் ஷெத்தில் ஆந்த்ரே ஓமுட் சூப்பர்-ஜி (டவுன்ஹிலுக்கு அடுத்த வேகமான பிரிவு) தங்கத்தோடு அதை உடைத்தார். லாசே ஷுஸ் 1999 உலகப் போட்டியில் ஐந்து பிரிவிலும் ஐந்து பதக்கம் எடுத்தார். ஆனாலும் ஒலிம்பிக் டவுன்ஹில் தங்கம் மட்டும் எந்த நோர்வே ஆணுக்கும் கிடைக்கவில்லை. 1994இல் சொந்த மண்ணில், க்விட்ஃபியெல் மலையில், ஓமுட் அதை ஒரு செக்கனின் நூறில் நான்கு பங்கால் தவறவிட்டார். இந்த நூறில் ஒன்றுகள் உங்கள் கதையிலும் சும்மா விடவில்லை.

எனக்கு நீங்கள் அறிமுகமானது ஒரு விழுகையால். 2007 பெப்ரவரியில் சுவீடனின் ஓரேயில் டவுன்ஹில், ஜயண்ட் ஸ்லாலம் இரண்டிலும் உலக சம்பியன்; குளிர்காலம் முழுக்க நடக்கும் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டித் தரும் ஒட்டுமொத்த உலகக் கிண்ணமும் அந்தப் பருவத்தில் உங்களுக்கே. அதெல்லாம் செய்தியில் வந்து போனது. நவம்பரில் கொலராடோவின் பீவர் கிறீக்கில், போட்டியில்கூட இல்லை, பயிற்சி ஓட்டத்தில், 'கோல்டன் ஈகிள்' என்ற எழும்பிப் பாயும் இடத்தில் தடுமாறி வேலியில் போய் அடித்தீர்கள். முகத்தில் எலும்புகள் நொறுங்கின. இடுப்புக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஸ்கீயின் விளிம்பு வெட்டியிருந்தது. அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. முடிந்தது பருவம் மட்டுமல்ல என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

2008 டிசம்பரில் அதே மலை. அதே பாய்ச்சல். டவுன்ஹிலை வென்றீர்கள், மறுநாள் சூப்பர்-ஜியையும் வென்றீர்கள். அதைப் பார்த்தபோது "பயமே இல்லாத ஆள்" என்றேன். பக்கத்தில் நின்ற நண்பர், ஊரில் மீன்பிடி வள்ளத்தில் போனவர், தலையாட்டினார். பயமில்லாதவன் கடலுக்குப் போனால் திரும்பி வரமாட்டான் என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடிபடப் பல வருடம் பிடித்தது.

அந்தப் பருவம் முடிந்ததும் ஓரேயில்தான். கடைசிப் போட்டி ஸ்லாலம், உங்களுக்கு அவ்வளவாக ஒத்துவராத பிரிவு. ஒஸ்திரியாவின் பெஞ்சமின் ரைக் அதில் கெட்டிக்காரர். ரைக் அந்த ஸ்லாலமை முடிக்கவில்லை. ஒட்டுமொத்த உலகக் கிண்ணப் பட்டியலில் நீங்கள் 1009 புள்ளி, அவர் 1007. ஒரு குளிர்காலம் முழுக்க ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுற்றி ஓடி, மிச்சம் இரண்டு புள்ளி!

வன்கூவர் 2010ஐ வேகமாகக் கடக்கிறேன், அதை எல்லோரும் எழுதியாயிற்று: சூப்பர்-ஜி தங்கம், டவுன்ஹில் வெள்ளி, ஜயண்ட் ஸ்லாலம் வெண்கலம். டவுன்ஹிலில் சுவிஸ்காரர் திதியே தெஃபாகோவிடம் நூறில் ஏழு செக்கன் பின்னால். 2014 சோச்சியில் நாட்டின் கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தீர்கள். டவுன்ஹிலில் நான்காம் இடம், பதக்கமில்லாமல் திரும்பினீர்கள். அதே வருடம் ஒக்டோபரில், பருவம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, கால்பந்தைத் தட்டி விளையாடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. மணிக்கு 130 கிலோமீற்றரில் பாய்கிற மனிதரைப் புல்தரைப் பந்து வீழ்த்தியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நீங்களும் ஒரு தடவையாவது சிரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி ஒஸ்திரியாவின் கிட்ஸ்பூயல். 2015-16 பருவத்தில் உங்களைப் பிடிக்க ஆளில்லை. ஏழு வெற்றி, ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடம். ஜனவரி 22 வெள்ளிக்கிழமை கிட்ஸ்பூயலில் சூப்பர்-ஜியை வென்றீர்கள். மறுநாள் சனிக்கிழமை, ஸ்ட்ரைஃப் என்ற அந்தக் கொடும் சரிவில் டவுன்ஹில். நடைகூடத்தில் கைபேசியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஹவுஸ்பேர்க் விளிம்பைத் தாண்டி இறங்கிய இடத்தில் கால் விலகியது. வலையில் போய்ச் சுருண்டீர்கள். வலது முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிந்தது, உள்ளே குருத்தெலும்பும். ஒஸ்திரியாவின் ஸ்ட்ரைட்பேர்கரும் ரைக்கெல்ட்டும் அன்று அதே பகுதியில்தான் விழுந்தார்கள். கைபேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே பிள்ளைகள் ஏதோ பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

36 உலகக் கிண்ண வெற்றிகளில் கிட்ஸ்பூயல் சூப்பர்-ஜி மூன்று தடவை இருக்கிறது. டவுன்ஹில் ஒரு தடவையும் இல்லை. இதை உங்கள் குறை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்தது இவற்றுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன விடயம். ஓடி முடித்த வீரர் கீழே நின்று வோக்கி-டோக்கியை வாங்கிப் பேசுகிற காட்சி. மேலே இன்னும் புறப்படாமல் நிற்கிற சொந்த அணிக்காரருக்கு: இந்த வளைவில் பனி இறுகிக் கிடக்கிறது, அந்தப் பாய்ச்சல் நினைத்ததைவிடத் தூரம் எறிகிறது, இங்கே நான் பிழை விட்டேன். மற்ற அணிகளும் இதைச் செய்கின்றன. ஆனால் நீங்களும் உங்கள் அணித்தோழர் ஷெத்தில் யான்ஸ்ரூட்டும் செய்தபோது எனக்கு வேறுவிதமாகப் பட்டது. உலகத்தில் உங்களைத் தோற்கடிக்கக்கூடிய நாலைந்து பேரில் அவர் ஒருவர். எங்கே பயந்தேன் என்பதை அவருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அந்தப் பயத்தை முதலில் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். வள்ளக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

2018 பெப்ரவரி 15. கொரியாவின் ஜொங்சொன். காற்றினால் நாள் தள்ளிப்போன டவுன்ஹில், எங்களுக்கு இன்னும் விடியாத நேரம். நீங்கள் முதல், யான்ஸ்ரூட் இரண்டாவது, இடைவெளி நூறில் பன்னிரண்டு. 35 வயதில், அதுவரை எந்த அல்பைன் (மலையிறங்கு ஸ்கீ) வீரரும் ஒலிம்பிக் தங்கம் வெல்லாத வயதில், நோர்வே ஆண்களின் முதல் டவுன்ஹில் தங்கம். நான் வீட்டுக்காரரை எழுப்பாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன். அன்று வேலையில் நித்திரை தூங்கினேன், அதுவும் உண்மை.

ஒரு வருடம் கழித்துக் கிட்ஸ்பூயலில் வைத்தே ஓய்வை அறிவித்தீர்கள். முழங்கால் இனித் தாங்காது என்பதை மறைக்கவில்லை. கடைசி ஓட்டம் 2019 பெப்ரவரி 9, சனிக்கிழமை, மறுபடியும் ஓரே. பனிமூட்டம், பனிப்பொழிவு, தொடக்க இடத்தைக் கீழே இறக்கிச் சரிவைச் சுருக்கியிருந்தார்கள். யான்ஸ்ரூட் சில வாரம் முன்பு கை எலும்பு முறிந்தவர். அவர் முதல், நீங்கள் இரண்டாவது. இடைவெளி நூறில் இரண்டு. ஒரு கண்ணிமைப்பு இதைவிட நீளம். யான்ஸ்ரூட்டுக்கு அதுதான் உலகப் போட்டியில் முதல் தங்கம். பத்து வருடம் முன்பு அதே ஓரேயில் உங்களுக்கு வந்த இரண்டு புள்ளியை மலை வட்டியில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டது போல எனக்குத் தோன்றியது. தோற்ற ஆளின் முகமாக உங்கள் முகம் இருக்கவில்லை. எங்கள் நடைகூடத்தில்தான் ஒருவர் கண்ணைத் துடைத்தார். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கு மானம் பெரிது.

2022இல் விதைப்பையில் புற்றுநோய் கண்டதை நீங்களே பகிரங்கமாக எழுதினீர்கள். உடம்பில் ஒரு மாற்றத்தைக் கவனித்ததாகவும், தாமதிக்காமல் வைத்தியரிடம் போனதாகவும். அதை வாசித்துவிட்டு நாங்கள் அப்பாமார் பேசிக்கொண்டோம். அந்த உறுப்பின் பெயரைத் தமிழில் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் நோர்வேஜியத்தில் சொன்னோம். ஆனால் பேசினோம். அந்த நடைகூடத்தில் அப்படியொரு பேச்சு அதற்கு முன் நடந்ததே இல்லை. அதுவும் ஒரு வோக்கி-டோக்கிச் செய்திதான்: கீழே போய்ப் பார்த்தேன், இந்த இடத்தில் கவனம்.

ஒன்று கேட்க வேண்டும். 2025இல் அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லின்ட்சி வொன்னுக்குப் பயிற்சி கொடுக்கச் சேர்ந்தீர்கள். 40 வயது, முழங்காலில் ரைற்றேனியம் பொருத்திக்கொண்டு, விட்டுப்போன மலைக்குத் திரும்பி வந்தவர். முழங்காலுக்காக நிறுத்தத் தெரிந்தவர் நீங்கள். நிறுத்த மனமில்லாதவர் அவர். அவர் தொடக்க வாசலில் நின்றபோது, கீழேயிருந்து பனியைப் பற்றி மட்டும்தான் சொன்னீர்களா?

அன்புடன்,
நடைகூடத்தில் கைபேசி பிடித்தவன்