வாசிப்பு வட்டத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: டாப் 09 என்ற கட்சியோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அம்மா அவர்களே, செயற்குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் வட்ட அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை செக் தலைநகர் பிராகாவில் நம் வட்டம் செய்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வாண்டு பதினொரு அமர்வுகள் நடந்தன. ஆகஸ்டில் பெரும்பாலோர் ஊருக்குப் போயிருந்ததால் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தாவை உயர்த்த வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அக்டோபரில் நாடாளுமன்றத் தேர்தல் வரவிருந்தது. நாம் இங்கே வரி கட்டுகிறோம், நம் பிள்ளைகள் செக் பள்ளிகளில் படிக்கிறார்கள். குடியுரிமை பெற்ற சிலரைத் தவிர நமக்கு வாக்கு இல்லை. வாக்கில்லாதவருக்கு அரசியல் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வாழும் ஊரைப் புரிந்துகொள்ள வாக்குரிமை வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். பெரிய கட்சிகளை விட்டு டாப் 09 என்ற வலதுசாரிக் கட்சியைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் பிறப்பும் ஏற்றமும் தேய்வும் பதினாறே ஆண்டுகளுக்குள் நடந்தவை. நம்மில் பலர் இந்நகருக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

முதல் இரண்டு அமர்வுகள் பிறப்புக் கதைக்கே போயின. 2009 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பு செக் நாட்டிடம் இருந்த வேளையில், பிரதமர் மிரெக் டோபோலானெக்கின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. 200 பேர் கொண்ட அவையில் எதிராக விழுந்தவை 101 வாக்குகள். அதற்கு அடுத்த சில மாதங்களில் கிறித்துவ ஜனநாயகக் கட்சி உடைந்தது. முன்னாள் நிதியமைச்சர் மிரோஸ்லாவ் கலோவ்செக் தன் ஆதரவாளர்களோடு வெளியேறிப் புதுக் கட்சி தொடங்கினார். பெயரின் மூன்று எழுத்துகளும் செக் மொழியில் மரபு, பொறுப்பு, வளம் ஆகிய சொற்களின் முதலெழுத்துகள். 09 என்பது பிறந்த ஆண்டு. நவம்பரில் நடந்த முதல் மாநாட்டில் கரேல் ஷ்வார்ட்ஸென்பெர்க் தலைவரானார், கலோவ்செக் முதல் துணைத் தலைவர். கணக்கும் வியூகமும் கலோவ்செக்கிடம், மக்களின் அன்பு ஷ்வார்ட்ஸென்பெர்க்கிடம். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்ததெல்லாம் விளங்கும்.

ஷ்வார்ட்ஸென்பெர்க்குக்காக மார்ச் அமர்வை முழுவதும் ஒதுக்கினோம். அப்படியும் நேரம் போதவில்லை. 1937இல் பிராகாவில் பிறந்தவர், இளவரசர் பட்டம் கொண்ட பழைய பிரபுக் குடும்பத்தின் வாரிசு. 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் குடும்பம் நாட்டை விட்டு ஆஸ்திரியாவுக்குப் போனது. வெளியே இருந்தபடி ஹெல்சிங்கி மனித உரிமைக் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். வாசிப்பு வட்டத்தாராகிய நமக்கு நெருக்கமான ஒரு செய்தி: ஜெர்மனியின் பவேரியாவில் ஷைன்ஃபெல்ட் என்ற ஊரிலுள்ள தம் குடும்பக் கோட்டையை, செக்கோஸ்லோவாக்கியாவில் தடைசெய்யப்பட்ட எழுத்துகளைச் சேர்த்துக் காக்கும் ஆவண மையத்துக்குக் கொடுத்தார். அதை நடத்தியவர் வரலாற்றாசிரியர் விலேம் ப்ரெச்சன். தட்டச்சுப் படிகளாகக் கைமாறிய புத்தகங்கள் அங்கே பத்திரமாக இருந்தன. 1989க்குப் பிறகு வாட்ஸ்லாவ் ஹவேல் அதிபரானபோது அவருடைய அலுவலகத்தின் தலைவராக ஷ்வார்ட்ஸென்பெர்க் நாடு திரும்பினார். பிறகு செனட்டர், 2007இல் வெளியுறவு அமைச்சர். கழுத்தில் எப்போதும் வில் டை. கூட்டங்களில் கண் அயர்ந்துவிடுவார் என்பது ஊரறிந்த செய்தி. மக்கள் அதையும் அன்போடுதான் சொன்னார்கள்.

மே மாதம் ஓர்லீக் கோட்டைக்குச் சென்று வந்தோம். அது ஷ்வார்ட்ஸென்பெர்க் குடும்பத்தின் கோட்டை. ஒருகாலத்தில் வ்லதாவா ஆற்றுக்கு மேலே உயர்ந்த பாறையில் நின்றது, அணை கட்டிய பிறகு தண்ணீர் அதன் காலடி வரை வந்துவிட்டது. பூங்காவில் நடந்து, 2023 நவம்பரில் காலமான அவர் உறங்கும் குடும்பக் கல்லறை மண்டபம் வரை போனோம். அங்கே யாரும் அதிகம் பேசவில்லை. அன்று புளிசாதமும் மோரும் கொண்டுவந்த தாய்மார்களுக்கு வட்டத்தின் நன்றி.

ஏப்ரல் அமர்வில் 2010 தேர்தல். வீடுகளுக்கு இக்கட்சி ஒரு சீட்டு அனுப்பியது. தபால் நிலையத்தில் பணம் கட்டும் ஸ்லோஜென்கா என்ற சீட்டைப் போலவே அச்சிட்டு, அரசுக் கடனில் உங்கள் பங்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. மிரட்டுகிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். கிரேக்கத்தின் கடன் நெருக்கடி நாள்தோறும் செய்தியாக வந்த அந்த வசந்தத்தில் அது வேலை செய்தது. மே மாத இறுதியில் முடிவு வந்தபோது 16.70 விழுக்காடு, 41 இடங்கள், ஏறத்தாழ 8.7 லட்சம் வாக்குகள். பிறந்து ஓராண்டு நிறையாத கட்சி! உடைந்துபோன தாய்க்கட்சியோ 5 விழுக்காட்டு வரம்பைத் தாண்ட முடியாமல் அவைக்கு வெளியே நின்றது. சமூக ஜனநாயகர்கள் முதலிடம் பிடித்தும் எதிர்வரிசைக்குப் போனார்கள். பெத்ர் நேச்சஸ் தலைமையில் டாப் 09 உட்பட மூன்று கட்சிகள் 118 இடங்களோடு ஆட்சி அமைத்தன. ஷ்வார்ட்ஸென்பெர்க்குக்கு மறுபடியும் வெளியுறவு, கலோவ்செக்குக்கு நிதி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஆண்டு முழுவதும் நாம் கற்றதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். அந்த 16.70 டாப் 09 தனியாகச் சம்பாதித்தது அல்ல. 'மேயர்களும் சுயேச்சைகளும்' என்று தங்களை அழைத்துக்கொண்ட சிற்றூர்த் தலைவர்கள், ஸ்டான் என்ற அமைப்பினர், அதே பட்டியலில் நின்றார்கள். தலைநகரின் படித்த வாக்காளர்களைக் கட்சி ஈர்த்தது. சிற்றூர்களில் கதவைத் தட்டித் தெரிந்த முகத்தோடு வாக்குக் கேட்டவர்கள் அந்த மேயர்கள். நம் உறுப்பினர் ஒருவர் செக் புள்ளியியல் அலுவலகத்தின் தேர்தல் தளத்திலிருந்து வாக்குச்சாவடி வாரியாக முடிவுகளை இறக்கி வரைபடமாக்கிக் காட்டினார். அவருடைய உழைப்புக்கு அவையின் கைத்தட்டலைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்சிக்காலம் கடினமானது. அரசுச் செலவைக் குறைக்கும் சேமிப்பு, சேமிப்பு என்றே போனது. மதிப்புக் கூட்டு வரியான வாட்டின் குறைந்த விகிதம் 2012இல் 10இலிருந்து 14 விழுக்காடாகவும், அடுத்த ஆண்டு 15 ஆகவும் ஏறியது. மருத்துவமனையில் ஒரு நாள் தங்கும் கட்டணம் 60 கொரூனாவிலிருந்து 100 ஆனது. ஊதியம் போதவில்லை என்று ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் ஒன்றாகப் பணிவிலகல் கடிதம் கொடுத்ததும், சுகாதார அமைச்சர் லியோஷ் ஹேகர் அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான். 2012 ஏப்ரலில் பிராகாவின் வாட்ஸ்லாவ் சதுக்கம் நிரம்பி வழிந்த, அரசுக்கு எதிரான அந்தப் பெரும் ஆர்ப்பாட்டத்தை நேரில் பார்த்த இருவர் நம் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது எந்தக் கட்டுரையையும் விட நன்றாக இருந்தது. சேமிப்பு தேவைதானா என்பதில் நமக்குள் இரு கருத்து உண்டு. என்னைக் கேட்டால், பற்றாக்குறையைக் குறைத்தது சரி. ஆனால் சுமை யார் தோளில் விழுகிறது என்பதைக் கட்சி போதிய அளவு பார்க்கவில்லை.

பிராகா மாநகராட்சிக் கதை தனி. 2010 இலையுதிர்காலத்தில் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் ஸ்தெனெக் தூமாவை முன்னிறுத்தி டாப் 09 முதலிடம் பெற்றது, 63 இடங்களில் 26. ஆனால் மற்ற இரு பெரிய கட்சிகள் கைகோத்து அதை வெளியே நிறுத்திவிட்டன. 2013இல்தான் தொமாஷ் ஹுடெச்செக் மூலம் மேயர் பதவி கைக்கு வந்தது, அதுவும் அடுத்த ஆண்டுத் தேர்தலோடு போயிற்று.

ஜூன் அமர்வு 2013 அதிபர் தேர்தல் பற்றியது. இரவு பத்தரை வரை நீண்டதற்குச் செயலாளர் என்ற முறையில் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பொருள் அத்தகையது. செக் மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அது. முதல் சுற்றில் முன்னாள் பிரதமர் மிலோஷ் ஸேமனுக்கு 24.21 விழுக்காடு, ஷ்வார்ட்ஸென்பெர்க்குக்கு 23.40. எழுபத்தைந்து வயது இளவரசரை இளஞ்சிவப்புத் தலைமுடி வைத்த பங்க் இசைக்காரராக வரைந்த சுவரொட்டிகளும் சட்டை வில்லைகளும் பிராகா இளைஞர்களிடையே பரவின. இரண்டாம் சுற்றுக்கு முன் தொலைக்காட்சி விவாதத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின், செக் எல்லைப்பகுதிகளில் வாழ்ந்த சுடெட்டன் ஜெர்மானியர்களை வெளியேற்றியது பற்றிக் கேள்வி வந்தது. சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார்: 1945இல் நடந்ததை இன்றைய அளவுகோலில் பார்த்தால் அது மனித உரிமைகளின் பெரும் மீறல், அன்றைய அரசும் அதிபர் பெனெஷும் இன்று ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்ற பொருளில். அதன்பின் நடந்த பிரச்சாரம் அவரை அந்நியராகக் காட்டியது. முடிவில் ஸேமன் 54.80க்கு 45.20 என்று வென்றார்.

அந்தப் பதிலைச் சொல்லாதிருந்தால் வென்றிருப்பாரா என்று வாதாடினோம். கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஒரு தலைவர் தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் தனக்கு நட்டம் தரக்கூடிய உண்மையைச் சொன்னார் என்பதற்காக நான் அவரை மதிக்கிறேன், இதைக் குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறேன். தோற்றவருக்கு விழுந்தவை 22 லட்சத்து 41 ஆயிரம் வாக்குகள். கட்சி 2010இல் பெற்றதைப் போல இரண்டரை மடங்கு. ஒன்பது மாதம் கழித்து அக்டோபரில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது அதே கட்சிக்குக் கிடைத்தது 11.99 விழுக்காடு, ஆறு லட்சத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகள், 26 இடங்கள். மனிதருக்குக் கிடைத்த அன்பு கட்சிக்குக் கைமாறவில்லை. தொழிலதிபர் ஆந்த்ரே பாபிஷின் ஆனோ கட்சி முதன்முறை களமிறங்கி 18.65 வாங்கியதும் அதே நாளில்தான்.

இருந்தாலும் அந்த நேரத்தில் வலதுசாரிகளில் முதலிடம் டாப் 09க்குத்தான். ஆண்டுக்கணக்கில் கோலோச்சிய குடிமை ஜனநாயகக் கட்சி 7.72க்கு இறங்கியிருந்தது. 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் மேயர்களோடு சேர்ந்து 15.95 பெற்று ஆனோவை மயிரிழையில் தவறவிட்டது. அந்த நாளில் நின்று பார்த்தவருக்கு எதிர்காலம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

2015 இறுதியில் கலோவ்செக் தலைவரானார். கூர்மையானவர், அவையில் பாபிஷை அவர் அளவுக்கு எதிர்த்துப் பேசியவர் சிலரே. அதே கூர்மை வாக்காளரில் பெரும்பகுதியைத் தள்ளியும் வைத்தது. மேயர்கள் விலகித் தங்கள் பெயரிலேயே நின்றார்கள். 2017 அக்டோபரில் டாப் 09க்கு 5.31 விழுக்காடு, 7 இடங்கள், 2.69 லட்சம் வாக்குகள், மேயர்களுக்கு 5.18, 6 இடங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் இக்கட்சி யார் துணையும் இன்றி நின்றது இந்த ஒரு முறைதான். ஜூலை அமர்வில் இந்த எண்ணைப் பலகையில் எழுதியபோது அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

யிர்ஷி போஸ்பீஷில் இரண்டாண்டு தலைவராக இருந்த காலத்தை விரைவாகக் கடந்தோம். 2019 நவம்பரில் மார்கேட்டா பெகரோவா ஆதமோவா வந்தார். குடிமை ஜனநாயகக் கட்சி, பிரிந்து வந்த பழைய கிறித்துவ ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டோடும் சேர்ந்து ஸ்போலு, அதாவது 'சேர்ந்து', என்ற கூட்டணி. 2009இல் கதவைச் சாத்திக்கொண்டு வந்த வீட்டோடு மறுபடியும் உறவு! 2021இல் ஸ்போலு 27.79 பெற்று ஆனோவை வாக்கில் முந்தியது. இடங்களில் ஆனோவுக்கு 72, ஸ்போலுவுக்கு 71. அந்த 71இல் டாப் 09இன் பங்கு 14. பெத்ர் ஃபியாலா பிரதமர், பெகரோவா ஆதமோவா அவைத் தலைவர். 2023 மார்ச்சில் பெரிய குழுவோடு தைவான் சென்று அதிபர் சாய் இங்-வென்னைச் சந்தித்தது அவருடைய துணிச்சலான செயல். எரிவாயு விலை எகிறிய 2022இல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன சொல்லும் அவரை விட்டு நீங்கவில்லை. அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கம் 15.1 விழுக்காடு. கட்டணச் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

செப்டம்பரில், குடியுரிமை பெற்ற உறுப்பினர் ஒருவர் வீட்டுக்கு வந்த வாக்குச்சீட்டுக் கட்டை அவைக்குக் கொண்டுவந்தார். கட்சிக்கு ஒரு தாள். வேண்டிய தாளை உறையில் இட்டுப் பெட்டியில் போட வேண்டும், பிடித்த வேட்பாளர் நால்வர் வரை எண்ணைச் சுற்றி வட்டமிடலாம். பிள்ளைகள் மாதிரிப் பெட்டி செய்து வாக்களித்துப் பார்த்தார்கள். அக்டோபர் 4 சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் தலைவர் அம்மா வீட்டில் கூடி முடிவுகளைத் தொடர்ந்தோம். ஆனோவுக்கு 34.51, 80 இடங்கள். ஸ்போலுவுக்கு 23.36, 52 இடங்கள். பிராகாவில் மட்டும் ஸ்போலு முன்னே நின்றது. பெகரோவா ஆதமோவா இந்தத் தேர்தலில் நிற்பதில்லை என்று முன்பே அறிவித்திருந்தார். டாப் 09இன் நவம்பர் மாநாட்டில் மத்தேய் ஒந்த்ரேய் ஹவெல் தலைவரானார். டிசம்பரில் பாபிஷ் மீண்டும் பிரதமர்.

முதலில் மேயர்களின் தோள், பிறகு இளவரசரின் புகழ், அதன்பின் கூட்டணியின் பெயர் என்று இக்கட்சி எப்போதும் இன்னொருவரோடு சேர்ந்தே உயர்ந்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்து யாரோடு என்ற கேள்வி புதிய தலைவரின் மேசையில் இருக்கிறது.

நூலகத்துக்கு இவ்வாண்டு செக் மொழி கற்பதற்கான நூல்களே அதிகம் வந்தன. ஓர்லீக் பயணப் படங்களின் தொகுப்பு மேசையில் இருக்கிறது, பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள். 2026 இலையுதிர்காலத்தில் மாநகராட்சித் தேர்தல் நடக்கும். பிராகாவில் டாப் 09 எந்தப் பட்டியலில் நிற்கிறது என்பதிலிருந்து அடுத்த ஆண்டு அமர்வுகளைத் தொடங்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
பிராகா, ஜனவரி 2026